ஆள்கடத்தலில் இருந்து மீண்ட பிறகு: அரசுத் துறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள்கடத்தல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன. சோதனை நடந்தது, இத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், இத்தனை பேர் கைது. மீட்கப்பட்டவர் மறுநாள் காலை எங்கே கண்விழித்தார், மாற்று உடுப்பு யார் கொடுத்தார்கள், அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள் என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை. அந்த மறுநாளில் இருந்து தொடங்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அடிப்படையான சில கேள்விகளை மட்டும் முதலில் முடித்துவிடலாம்.

ஆள்கடத்தல் என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதுதானே?

இந்தச் சொல்தான் குழப்புகிறது. பிள்ளையைத் தூக்கிப்போய்ப் பணம் கேட்பதையும் கடத்தல் என்கிறோம். தங்கம் கொண்டுவருவதையும் கடத்தல் என்கிறோம். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி விடுவதற்கும் அதே சொல்தான். இங்கே பேசுவது வேறு. ஒருவருடைய உழைப்பையோ உடலையோ சுரண்டும் நோக்கத்தோடு, ஏமாற்றியோ மிரட்டியோ அவருடைய இக்கட்டைப் பயன்படுத்தியோ அவரை ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது ஆகியவைதான் இந்தக் குற்றம்.

ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பாலெர்மோ நெறிமுறை இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: என்ன செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் எந்த வழியில் என்ற கேள்வியே தேவையில்லை. சுரண்டுவதற்காக ஆள் சேர்த்தாலே குற்றம்தான். எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. பலர் தாங்களே டிக்கெட் எடுத்து, வீட்டில் சொல்லிக்கொண்டு, நல்ல வேலை கிடைத்த சந்தோஷத்தோடுதான் கிளம்புகிறார்கள்.

தெரிந்துதானே போனார்? சம்மதம் கொடுத்தவரை எப்படிப் பாதிக்கப்பட்டவர் என்பது?

எதற்குச் சம்மதித்தார் என்று கேட்டால் பதில் வந்துவிடும். எட்டு மணி நேரத் தையல் வேலைக்குச் சம்மதித்தவர், பதினாறு மணி நேரம் பூட்டிய அறையில் தைப்பதற்குச் சம்மதிக்கவில்லை. ஏமாற்று, மிரட்டல் போன்ற வழிகள் கையாளப்பட்டிருந்தால் அவர் கொடுத்த சம்மதம் கணக்கில் வராது என்று பாலெர்மோ நெறிமுறையே தெளிவாகச் சொல்கிறது.

கட்டாயம் என்றால் சங்கிலியும் அடியும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் 1982-இல் இந்திய உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று சொன்னது. வேறு வழியில்லாமல் பசியாலும் வறுமையாலும் ஒருவர் அந்த வேலைக்கு வந்தால் அதுவும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடைக்க முடியாத முன்பணம், முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட், “போனால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்” என்ற ஒரு வார்த்தை. பூட்டே இல்லாத கதவுக்குள் ஆளை வைத்திருக்க இவை போதும்.

உலகத்தில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டு அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் ஏதாவது ஒரு நாளில் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். கட்டாய உழைப்பில் இருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர் என்று அதே அமைப்பு 2024-இல் சொன்னது.

இது போலீஸ் வேலை. இதற்கு எதற்கு இத்தனை துறைகள்?

இரவு பத்து மணிக்கு ஒரு தையற்கூடத்தில் இருந்து ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு நாட்டுக்காரர், அந்த ஊர் மொழி தெரியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இரண்டு உடுப்பும் சார்ஜ் இறங்கிப்போன ஒரு போனும். பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கிறது. விரலில் ஊசி ஏறிய புண் பழுத்திருக்கிறது, டாக்டர் பார்க்க வேண்டும். பேசுவதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் தரகருக்கு வேண்டப்பட்டவராக இருந்துவிடக் கூடாது. அன்று ராத்திரி படுக்கப் பாதுகாப்பான இடம் வேண்டும். விசா முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, அதைக் குடியேற்றத் துறை பார்க்க வேண்டும். தரகரின் வங்கிக் கணக்கைப் பணம் எடுப்பதற்குள் முடக்க வேண்டும். ஊரில் இருக்கும் அவருடைய பிள்ளையிடம் தரகர் போய்ச் சேர்வதற்குள் அந்த ஊர்ப் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும்.

இதில் காவல் நிலையம் தானே செய்யக்கூடியது எத்தனை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தின் சுவரில், அந்தப் பெண் படுத்த இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு கிழித்திருக்கிறது. அவசரத்தில் வரும் போலீஸ்காரர் கண்ணுக்கு அது கிறுக்கல். தொழிலாளர் ஆய்வாளர் கூட வந்திருந்தால், அது வேலை செய்த நாள் கணக்கு என்று பார்த்த உடனே சொல்லியிருப்பார், படம் எடுத்து வைத்திருப்பார். மறுநாள் முதலாளியின் ஆள் வந்து வெள்ளையடித்துவிட்டால், கூலி பாக்கியை நிரூபிக்க அவருடைய வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு துறையும் அவரை ஒவ்வொரு பெயரில் எழுதிக்கொள்கிறது. போலீஸுக்கு அவர் சாட்சி. குடியேற்றத் துறைக்கு விசா முடிந்தவர். தொழிலாளர் துறைக்குக் கூலி வராத தொழிலாளி. காப்பகத்துக்கு ஒரு படுக்கை. இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாவிட்டால், சாட்சி சொல்ல வேண்டியவரையே விசா முடிந்தது என்று நாடு கடத்திவிடுவார்கள். இது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

துறைகள் பேசிக்கொள்ளாததால் ஓர் உயிரே போகுமா?

போயிருக்கிறது. 2001 மார்ச்சில் ரஷ்யாவைச் சேர்ந்த 20 வயதுப் பெண் ஒருவர் கலைஞர் விசாவில் சைப்ரஸ் நாட்டுக்கு வந்தார். இரவு விடுதியில் வேலை. சில நாட்களிலேயே அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் விடுதி மேலாளர் அவரைத் தேடிப் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், இவரை நாடு கடத்துங்கள் என்று கேட்டார். போலீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தது. சட்டவிரோதமாகத் தங்கியவர் பட்டியலில் பெயர் இல்லை. சரி, நீங்களே வந்து கூட்டிப்போங்கள் என்று மேலாளரையே திரும்ப வரச் சொன்னது. விடிவதற்குள், அவரைக் கொண்டுபோய் வைத்திருந்த குடியிருப்புக்குக் கீழே தெருவில் அந்தப் பெண் இறந்து கிடந்தார்.

அவருடைய தந்தை தொடுத்த வழக்கில் 2010 ஜனவரி 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றத் தவறியது சைப்ரஸின் பிழை, அவரை ஆள் சேர்த்தது யார் என்று விசாரிக்காதது ரஷ்யாவின் பிழை என்று இரண்டு நாடுகளையும் பொறுப்பாக்கியது. அந்த விசா முறையே சுரண்டலுக்கு வழிவிடுகிறது என்று அந்த நாட்டிலேயே முன்பே எச்சரிக்கை வந்திருந்ததையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அந்தப் போலீஸ்காரர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இவர் இங்கே தங்கலாமா, கூடாதா? “உங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று அவரைத் தனியாக உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவரை ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் அவர்கள் மேசையில் இருந்திருந்தால்?

ஒருங்கிணைப்பு என்றால் நடைமுறையில் என்ன? குழு அமைப்பதா?

குழுவும் வேண்டும். அமெரிக்காவில் 2000-இல் வந்த ஆள்கடத்தல் பாதிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் அமைச்சரவை மட்டத்திலேயே ஒரு கூட்டுக் குழுவை உருவாக்கியது. வெளியுறவு அமைச்சர் தலைவர்; நீதி, தொழிலாளர், சுகாதாரம், உள்நாட்டுப் பாதுகாப்பு என்று பல துறைகள் ஒரே மேசையில் உட்கார்கின்றன. நெதர்லாந்து வேறு மாதிரி செய்தது. 2000-இல் ஒரு தேசிய அறிக்கையாளரை நியமித்தது. அவர் யாரையும் கைது செய்ய மாட்டார். எல்லாத் துறையிடமும் கணக்கு வாங்கி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதுவார். அரசுக்குப் பிடிக்காததையும் எழுதும் சுதந்திரம் அவருக்கு உண்டு.

இன்னொன்று, பாதிக்கப்பட்டவரை அடையாளம் கண்டு உதவிக்கு அனுப்பும் தேசிய ஏற்பாடு. பிரிட்டனில் இது 2009-இல் தொடங்கியது. போலீஸ், எல்லைக் காவல், உள்ளாட்சி, குறிப்பிட்ட சில தொண்டு நிறுவனங்கள் என யார் கண்ணில் பட்டாலும் ஒரே படிவம், ஒரே இடத்துக்குப் போகும். முதலில் ‘இவர் கடத்தப்பட்டவராக இருக்கலாம்’ என்று ஒரு முடிவு, பிறகு ‘ஆம்’ என்று ஒரு முடிவு. வழி நல்ல வழிதான். ஆனால் அந்த இரண்டாவது முடிவுக்காக ஒரு வருடத்துக்கும் மேல் காத்துக் கிடந்தவர்கள் ஏராளம். காத்திருக்கும் காலத்தில் ஒருவர் வேலைக்கும் போக முடியாமல், ஊருக்கும் போக முடியாமல் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால், மேலே இருக்கும் குழுவை விடக் கீழே இருக்கும் ஒரு ஆள் முக்கியம். மீண்டவர் ஒவ்வொருவருக்கும், பெயர் சொல்லி, “இவருடைய எல்லா விஷயத்துக்கும் நான் பொறுப்பு” என்று போனை எடுக்கும் ஒருவர். டாக்டரிடம் நாள் குறிப்பதும், வக்கீலிடம் பேசுவதும், விசா தேதியை நினைவில் வைப்பதும் அவர் வேலை. கோப்பை அவர் சுமக்க வேண்டும், மீண்டவர் சுமக்கக் கூடாது. வருடத்துக்கு நான்கு கூட்டம் போட்டுவிட்டு இந்த ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத ஏற்பாட்டை ஒருங்கிணைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதில் என்ன தவறு?

“ஆரம்பத்தில் இருந்து சொல்லுங்கள்.” அந்தத் தையற்கூடத்துப் பெண் முதல் வாரத்தில் இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயில் இருந்து கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வந்த போலீஸ்காரர், அப்புறம் விசாரணை அதிகாரி, டாக்டர், காப்பகத்தில் பதிவு எழுதுபவர், குடியேற்ற அதிகாரி, தொழிலாளர் ஆய்வாளர், அரசு வழக்கறிஞர். ஒவ்வொரு முறையும் அந்த அறைக்குள் திரும்பப் போய்விட்டு வருகிறார். அன்றிரவு தூக்கம் கிடையாது.

வழக்குக்கும் இது கேடு. ஏழு இடத்தில் ஏழு பேர் எழுதினால் ஏழு விதமாக இருக்கும். ஒருவர் ‘மார்ச்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘குளிர்காலம் முடிந்தபோது’ என்று எழுதுவார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இதில் எது பொய் என்று கேட்பார்.

அதனால்தான் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே முறை, தேவையானால் ஒலியோ காட்சியோ பதிவு செய்து, விரிவாகக் கேட்க வேண்டும். மற்றத் துறைகள் தங்கள் கேள்விகளை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறோம். குழந்தைகள் விஷயத்தில் பல நாடுகள் இதை ஓரளவு செய்கின்றன. பெரியவர்களுக்கும் அதே அக்கறை வேண்டும்.

அப்படியானால் எல்லாத் தகவலையும் எல்லாத் துறைக்கும் கொடுத்துவிடலாமா?

கூடாது. தொழிலாளர் துறைக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று தெரிந்தால் போதும். மருத்துவ அறிக்கை அவர்களுக்கு எதற்கு? காப்பகத்தின் முகவரி எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது. எந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்று மீண்டவருக்கு அவர் மொழியில் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பகிர வேண்டும். மருத்துவமனையில் சொன்னது குடியேற்றத் துறைக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் மருத்துவமனைக்கே வர மாட்டார்கள்.

மீண்டவர் ஏன் பேச மறுக்கிறார்? சிலர் திரும்ப அங்கேயே போகிறார்களாமே?

பேசாததற்குக் காரணங்கள் உண்டு. தரகர் பல நேரம் சொந்தக்காரர், அல்லது ஊரில் மரியாதை உள்ளவர். வீட்டு முகவரி அவருக்குத் தெரியும். வட்டிக்கு வாங்கிய கடன் வீட்டின் மேல் நிற்கிறது. போலீஸ் முதலாளியோடு சிரித்துப் பேசியதை இவர் கண்ணால் பார்த்திருக்கலாம். இதற்கு மேல், பயத்திலேயே மாதக்கணக்கில் இருந்தவரின் நினைவு வரிசையாக வராது. தேதி தெரியாது, ஆனால் அறையில் எரிந்த விளக்கின் நிறம் தெரியும். அதைப் பொய் என்று நினைப்பது கேட்பவரின் அறியாமை.

திரும்பிப் போவதும் உண்மைதான். ஊரில் கடன்காரர் வாசலில் நிற்கிறார், காப்பகத்தில் சம்பாதிக்க வழியில்லை, பழைய தரகரின் நம்பர் மட்டும் கையில் இருக்கிறது என்றால் வேறு எங்கே போவார்?

போலீஸுக்கு ஒத்துழைத்தால்தான் உதவி கிடைக்குமா?

கிடைக்க வேண்டிய உதவியை அப்படிப் பேரமாக்கக் கூடாது. 2005-இல் உருவாகி 2008-இல் நடைமுறைக்கு வந்த, ஆள்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய கவுன்சில் உடன்படிக்கை, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. அந்த நாட்களில் அவரை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. உடம்பு தேற, தரகரின் பிடியில் இருந்து விலக, வழக்குக்கு ஒத்துழைப்பதா என்று யோசிக்க அந்த நாட்கள்.

இத்தாலி இன்னும் முன்னாலேயே போனது. 1998-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, புகார் கொடுக்காதவரும் சமூக உதவித் திட்டத்தில் சேர்ந்து தங்கும் உரிமை பெற வழி வைத்தது. ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கா தரும் டி விசா பொதுவாகப் போலீஸின் நியாயமான கோரிக்கைகளுக்கு ஒத்துழைக்கச் சொல்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கும், மனம் உடைந்து ஒத்துழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் விலக்கு தருகிறது. ஆண்டுக்கு 5,000 பேர் என்ற வரம்பு அதற்கு இருக்கிறது.

பாதுகாப்பாக உணரும் ஆள்தான் நன்றாகச் சாட்சி சொல்வார். அதனால் இந்த அவகாசம் வழக்குக்கும் நல்லதுதான். ஆனால் வழக்கே போடாவிட்டாலும் அந்த ஊசிப் புண்ணுக்கு மருந்து போடத்தானே வேண்டும்?

அவரே குற்றம் செய்திருந்தால்? ஆன்லைன் மோசடி செய்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களா?

பலர் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. தங்கள் சேமிப்பை அந்த மோசடியில் இழந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த மெசேஜை அனுப்பிய விரல் யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட மோசடி வளாகங்களில் பிடித்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. கம்ப்யூட்டர் வேலை என்று விளம்பரம் பார்த்துப் போனவர்கள், படித்தவர்கள், பல மொழி தெரிந்தவர்கள். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி.

கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்பது இன்று உலகம் பரவலாக ஏற்றுக்கொண்ட கொள்கை. பிரிட்டனில் கஞ்சா வளர்க்கும் வீடுகளில் வியட்நாமியச் சிறுவர்கள் பிடிபட்டபோது அவர்கள் மீதே வழக்குப் போட்டார்கள். அவர்கள் கடத்தப்பட்டவர்களா என்று ஒழுங்காகப் பார்க்காமலே வழக்கு நடத்தியது தவறு என்று 2021 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2010-இல், கடத்தப்பட்ட காலத்தில் பாலியல் தொழில் தொடர்பாக வந்த பழைய தண்டனைகளை நீக்கக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. தண்டனைப் பதிவு இருக்கும் வரைக்கும் வீடு கிடைக்காது, வேலை கிடைக்காது.

எல்லாரையும் விட்டுவிடுவதா என்றால், இல்லை. வளாகத்தை நடத்தியவரும், ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கியவரும் வேறு. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் முதல் நாளே நல்ல விசாரணை வேண்டும்.

காப்பகத்தில் சேர்த்துவிட்டால் பாதுகாப்புதானே?

வெளியே போக விடாத காப்பகம், அடைபட்டு வந்தவருக்கு இன்னொரு பூட்டு. வயது வந்தவர் தன் விருப்பத்தோடு தங்க வேண்டும், போன் பேச முடிய வேண்டும், வேலைக்குப் போய்வர முடிய வேண்டும். ஆண்களையும் மறந்துவிடுகிறோம். படகிலும் கட்டுமானத்திலும் சிக்கி மீண்ட ஆண்களுக்கு இடம் தரும் காப்பகங்கள் பல நாடுகளில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பணம்? இழப்பீடு, கூலி பாக்கி இதெல்லாம் உண்மையில் கைக்கு வருகிறதா?

மிகவும் பின்தங்கிய இடம் இதுதான். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒன்றும் வராமல் போவது சாதாரணம். தீர்ப்பு வரும்போது முதலாளியின் சொத்து வேறு பெயருக்கு மாறியிருக்கும். விசாரணை தொடங்கும் அன்றே சொத்தை முடக்கினால்தான் கடைசியில் பகிர்ந்து கொடுக்க ஏதாவது இருக்கும். அந்த முடக்கலைச் செய்யும் நிதித்துறை ஆட்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடனும் ஒழிய வேண்டும். இந்தியாவில் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனையே இல்லாமல் ஆக்கிவிட்டது. ஆனால் அதை மீண்டவர் நிரூபிப்பது அரசு அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழை வைத்து. மறுவாழ்வுத் தொகை கேட்கவும் அந்தத் தாள்தான் வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் அதிகாரி தாமதித்தால், மீட்ட போலீஸ், கொண்டுவந்து விட்ட தொண்டு நிறுவனம், காத்திருக்கும் வங்கி எல்லாரும் இருந்தும் குடும்பம் பழைய கடனோடுதான் ஊர் திரும்பும்.

கூலி பாக்கியைக் குற்ற வழக்கோடு கட்டிப்போடாமல் தனியாகவும் வசூலிக்க முடிய வேண்டும். குற்றம் நிரூபணமாக ஐந்து வருடம் ஆகலாம், அதுவரை அவர் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டாமா?

மீண்டவர்களுக்கும் அந்தக் குழுக்களில் இடம் உண்டா?

இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2015-இல் வந்த ஒரு சட்டம், மீண்டவர்களை மட்டுமே உறுப்பினர்களாகக் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தது. அரசின் கூட்டுக் குழுவுக்கு நேரடியாக யோசனை சொல்வது அதற்குக் கொடுத்த வேலை. மேடையில் ஏறி அழவைக்கும் கதை சொல்லக் கூப்பிடுவது வேறு, படிவத்தை எழுதும்போதே கருத்துக் கேட்பது வேறு. கேட்டால் அந்தக் கருத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். மற்ற நிபுணர்களுக்குக் கொடுக்கிறோம் அல்லவா?

சொல்லைப் பற்றியும் ஒன்று. ‘மீட்கப்பட்டவர்’ என்றால் யாரோ மீட்டார்கள், இவர் சும்மா இருந்தார் என்று ஆகிறது. ‘மீண்டவர்’ என்றால் இவரே வந்தார். உண்மையில் பலர் ஜன்னல் ஏறிக் குதித்து, வாடிக்கையாளரிடம் துண்டுச் சீட்டுக் கொடுத்து, தாங்களே தப்பித்தவர்கள். அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் ‘மீண்டவர்’ என்றே எழுதுகிறேன். சட்டத்தில் உரிமை கேட்கும்போது மட்டும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல் தேவைப்படுகிறது.

வருமுன் தடுக்க அரசு என்ன செய்யலாம்?

விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆள் சேர்ப்பவர்களைக் கண்காணிப்பது அதை விடப் பயன் தரும். 2004 பிப்ரவரி 5 இரவில் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் கடல் நீர் ஏறி மூழ்கி இறந்தார்கள். ஆள் பிடித்து வந்தவர் ஆபத்தை மதிக்காமல் அவர்களைக் கடலுக்குள் இறக்கியிருந்தார். அதே ஆண்டு, விவசாயத்துக்கும் சிப்பி பொறுக்கவும் ஆள் அனுப்பும் மேஸ்திரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. உரிமம் இல்லாதவரிடம் ஆள் வாங்குவதும் குற்றம்.

இதே போல, வேலைக்குப் போகிறவரிடம் தரகுக் கட்டணம் வாங்குவதைத் தடுப்பது, விசாவை ஒரே முதலாளியோடு கட்டிப்போடாமல் இருப்பது, கூலி வராதவர் விசா பயமின்றிப் புகார் கொடுக்க வழி செய்வது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கின்றன.

என் கண்ணெதிரே ஒருவர் இப்படி இருப்பதாகச் சந்தேகம். நான் என்ன செய்வது?

நீங்களே போய்க் கதவைத் தட்ட வேண்டாம், முதலாளியிடம் கேட்கவும் வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்தக் கோபம் முழுதும் உள்ளே இருப்பவர் மேல்தான் இறங்கும். படம் எடுத்து சமூக வலைத்தளத்தில் போடவும் கூடாது. அவருடைய முகம் அவர் ஊர் வரைக்கும் போய்விடும்.

பார்த்ததை எழுதி வையுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு, வண்டி எண், எத்தனை பேர், யார் அவர்களுக்குப் பதிலாகப் பேசுகிறார். பிறகு உங்கள் நாட்டின் ஆள்கடத்தல் உதவி எண்ணையோ தொழிலாளர் துறையையோ கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நேராக அவசரப் போலீஸ். அவரோடு தனியாகப் பேசும் சந்தர்ப்பம் தானாகக் கிடைத்தால், “உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்கிறதா? வேலையை விட்டுப் போக முடியுமா?” என்று மெதுவாகக் கேட்கலாம். பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். உதவி எண்ணை ஒரு சின்னத் தாளில், வேறு எந்தக் குறிப்பும் இல்லாமல், எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். மற்றவர் கண்ணில் பட்டாலும் அது ஏதோ ஒரு போன் நம்பராகத்தான் தெரியும்.